மடியில் கனமில்லாதவர்களும் ஓடுவார்கள்

(ஓய்வுபெற்ற குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரின் கேள்வி-பதில் பகுதி)

பொய் வழக்கிலிருந்து தப்பிக்கச் சட்டத்தை மீறலாமா என்று கேட்ட ஒரு வாசகருக்குச் சென்ற இதழில், ‘செய்யாத குற்றத்திலிருந்து தப்பிக்கப் பூட்டை உடைத்தால், பூட்டை உடைத்தது செய்த குற்றமாகிவிடும்’ என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களை நூல் போட்டுக் கட்டினால் ஒரு கொலை வழக்குக் கட்டின் கனம் இருக்கும். பாதிப்பேர் திட்டியிருக்கிறார்கள். மீதிப்பேர் திட்டிவிட்டுச் சந்தேகமும் கேட்டிருக்கிறார்கள். பெயர்களை நானே அடித்துவிட்டேன். சில கடிதங்களில் கையெழுத்தைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், அவற்றைக் கிழித்தும் போட்டுவிட்டேன்.

*

கேள்வி: படங்களில் பொய்க் கேஸில் மாட்டிய கதாநாயகன் தப்பி ஓடுகிறான், உண்மைக் குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கிறான், போலீஸ் அதிகாரி தோளில் தட்டி அனுப்பிவைக்கிறார். நிஜத்தில் ஒரு தடவையாவது அப்படி நடக்குமா சார்? (கல்லூரி மாணவர்)

தோளில் தட்டுவார்கள் தம்பி, தட்டிவிட்டு அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் பெரிய அண்ணன், அமெரிக்காவில் 1963 முதல் 1967 வரை 120 பகுதிகளாக ஓடிய ‘தி ஃபியுஜிடிவ்’ என்ற தொலைக்காட்சித் தொடர். மனைவியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஒரு டாக்டர், உண்மைக் கொலைகாரனான ஒற்றைக் கை மனிதனைத் தேடி ஊர் ஊராக அலைவார். 1993இல் அது சினிமாவாகவும் வந்தது. இரண்டிலும் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? டாக்டர் சிறையை உடைக்கவே மாட்டார். ரயில் விபத்து வந்து கதவைத் திறந்துவிடும். கதை எழுதியவர்களுக்குத் தெரியும், காவலரைத் தாக்கிவிட்டு ஓடினால் பார்ப்பவர் மனதில் கொஞ்சம் கறை விழுமென்று. அதனால் அந்தப் பழியை ரயில்மேல் போட்டுவிட்டார்கள். பிறகு அவர் போலி அடையாள அட்டையோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைவதும், பதிவேடுகளைக் கிளறுவதும் தனித்தனிக் குற்றங்கள். அந்த விசாரணையை எந்தப் படமும் காட்டுவதில்லை, வெளிச்சம் போட்டுவிடுவார்கள், நாமும் எழுந்து வந்துவிடுவோம்.

நிஜ டாக்டர் ஒருவர் இருந்தார், சாம் ஷெப்பர்ட். அந்தத் தொடருக்கு அவர் கதைதான் மூலம் என்று பலர் சொல்வார்கள். தொடரை உருவாக்கியவரோ இல்லையென்று மறுத்துவிட்டார். அது கிடக்கட்டும். 1954 ஜூலை 4 அன்று அவர் மனைவி வீட்டிலேயே கொல்லப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஷெப்பர்டுக்குத் தண்டனை வந்துவிட்டது. அவர் எங்கும் ஓடவில்லை. சுமார் 10 ஆண்டுகள் சிறையில் இருந்தார், மனுமேல் மனு போட்டார். பத்திரிகைகள் கிளப்பிய கூச்சலில் நியாயமான விசாரணையே நடக்கவில்லை என்று 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு மறுவிசாரணையில் விடுதலை. நான்கே ஆண்டுகளில், 46 வயதில் செத்துப்போனார். இதை யார் 120 பகுதியாக எடுப்பார்கள்?

ஓடாதவர் கதையை ஒருவர் எடுத்தார். ஓடும் அப்பாவிகளை வைத்தே பேர் வாங்கிய இயக்குநர் ஹிட்ச்காக், 1956இல் ‘தி ராங் மேன்’ என்று ஓடாத அப்பாவி ஒருவரை வைத்துப் படமெடுத்தார். நடந்த கதை அது. நியூயார்க்கில் இரவு விடுதியில் வாத்தியம் வாசிக்கும் ஒருவரை 1953இல் கொள்ளைக்காரர் என்று சிலர் அடையாளம் காட்டிவிட்டார்கள். அவர் செய்ததெல்லாம், கூப்பிட்டபோதெல்லாம் போய் நின்றதுதான். தீர்ப்புச் சொல்ல ஜூரியாக உட்காரவைத்த பொதுமக்களில் ஒருவர் நடுவில் வாயைத் திறந்ததால் விசாரணை ரத்தானது. அடுத்த விசாரணைக்குள் உண்மையான ஆள் வேறொரு கொள்ளை முயற்சியில் அகப்பட்டான். அதற்குள் வாத்தியக்காரரின் மனைவிக்கு மனநோய் முற்றிவிட்டிருந்தது. ஓடாமலிருந்தால் சேதமில்லை என்று நான் சொல்லவரவில்லை என்பதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

*

கேள்வி: நல்ல காரியத்துக்காகச் செய்த சின்னத் தப்பைச் சட்டம் கண்டுகொள்ளாமல் விடாதா? அவ்வளவு கல்நெஞ்சா அதற்கு? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

விடும் அம்மா, ஆனால் அதன் வாசல் குறுகலானது. ஆபத்து அந்த நிமிஷமே தலைக்குமேல் நிற்க வேண்டும், வேறு வழியே இருக்கக் கூடாது, நீங்கள் விளைவித்த கேடு தவிர்த்த கேட்டைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அநேகமாக எல்லா நாட்டுச் சட்டத்திலும் இந்த மூன்றும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. ‘என் பேர் கெட்டுக்கொண்டிருக்கிறது’ என்பதை அந்த நிமிஷத்து ஆபத்தாக எந்த நீதிபதியும் ஏற்று நான் பார்த்ததில்லை. ‘வேறு வழியில்லை’ என்றால், மனு போட்டாயா, வக்கீலைப் பார்த்தாயா என்று கேட்பார்கள்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் கணக்கர். பணம் கையாடியதாக வழக்கு. மேலாளரின் அலமாரியில் இன்னொரு கணக்குப் புத்தகம் இருப்பது இவருக்குத் தெரியும், கண்ணால் பார்த்திருக்கிறார். என்னிடம் சொன்னார். ‘அதை வரவழைக்க மனு போடலாம், பொறு’ என்றேன். அடுத்த வாரம் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் துண்டு சுற்றிய பொட்டலம், முகத்தில் பரீட்சையில் பாஸான பையனின் சிரிப்பு. ‘சார், கொண்டாந்துட்டேன்!’ பழைய சாவி ஒன்று அவரிடம் இருந்திருக்கிறது, ராத்திரி உள்ளே போயிருக்கிறார்.

எனக்கு நாற்காலியில் உட்காரக்கூடத் தோன்றவில்லை. அந்தப் புத்தகம் அலமாரியில் இருந்தவரை அது மேலாளரின் புத்தகம். சோதனை போட்டு எடுத்திருந்தால், எங்கே இருந்தது, யார் எடுத்தார்கள், யார் பார்த்தார்கள் என்று மகஜர், அதாவது சோதனைப் பதிவு, இருந்திருக்கும். துண்டில் சுற்றி எடுத்துவந்த நிமிஷமே அது என் கட்சிக்காரரின் புத்தகமாகிவிட்டது. எதிர்த்தரப்பு அதையேதான் சொன்னது: ‘இவரே எழுதினார், இவர் வீட்டில்தான் இருந்தது.’ அது எங்கிருந்து வந்தது என்று நான் யாரைக் கூண்டில் ஏற்றி நிரூபிப்பேன்? அவரை ஏற்றினால் திருட்டை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கையாடல் வழக்கு கடைசியில் வேறொரு காரணத்தால் விழுந்தது. பணம் கட்டிய சீட்டில் இருந்த கையெழுத்து அவருடையதல்ல. ஆக, அந்தப் புத்தகம் தேவையே பட்டிருக்காது! அத்துமீறி நுழைந்த வழக்கிலோ அவருக்குத் தண்டனை. வேலை போனது அந்த இரண்டாவது வழக்கால்தான். பொய்க் குற்றம் சாட்டியவர்கள் கையில் உண்மைக் குற்றம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார் மனிதர். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

*

கேள்வி: என் தம்பி மீது அலுவலகத்தில் தகவல் திருடியதாகப் புகார். செய்தது பக்கத்து சீட்டு ஆள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த ஆளின் பாஸ்வேர்டும் தம்பிக்குத் தெரியும். ஒரே ஒரு முறை உள்ளே போய் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வந்தால் போதும். நீங்கள் இதற்கும் கூடாது என்பீர்களா? (ஒரு அக்கா)

கூடாது. இந்த இதழ் கைக்கு வருவதற்குள் எடுத்துவிட்டிருந்தால், வக்கீலிடம் மட்டும் சொல்லுங்கள், வேறு யாரிடமும் வேண்டாம்.

ஏன் என்று கேளுங்கள். உங்கள் தம்பியின் மொத்த வாதமும் ‘அந்தக் கணக்கில் நான் நுழைந்ததே இல்லை’ என்பதில்தான் நிற்கிறது. எந்த நேரத்தில், எந்தக் கருவியிலிருந்து, எந்த முகவரியிலிருந்து நுழைந்தார்கள் என்று கம்ப்யூட்டர் எழுதிவைத்துக்கொண்டே இருக்கும். இன்றைக்கு அவர் நுழைந்தால் அந்த ஏட்டில் அவர் வருகை பதிவாகும். ‘இன்று நுழையத் தெரிந்தவருக்கு அன்று தெரியாதா?’ என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் நான் என்ன பதில் சொல்லித்தருவேன்?

அதே ஏடுதான் அவரைக் காப்பாற்றக்கூடியதும். அதனால் அது அழியாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைய வேலை. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையுள்ள நுழைவுப் பதிவுகள், வாசல் கேமராப் பதிவுகள், வருகைப் பதிவு எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டுமென்று வக்கீல் மூலம் எழுத்தில் உடனே கேளுங்கள். பல இடங்களில் கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்து, அதன்மேலேயே புதியது பதிவாகிவிடும். இரண்டாம் மாதம் மனு போட்டு என்ன செய்ய? பிறகு நீதிமன்றம் மூலம் அவற்றை வரவழைக்கலாம்.

தம்பி தன் போனிலிருந்து எதையும் அழிக்கக் கூடாது, அவருக்குப் பாதகமாகத் தோன்றுவதைக்கூட. பக்கத்து சீட்டு ஆளிடம் போய் ‘உண்மையைச் சொல்லிடுப்பா’ என்று கெஞ்சவும் கூடாது, அது சாட்சியை மிரட்டியதாக மாறிவிடும். சம்பவ நாளில் காலை முதல் இரவு வரை எங்கே இருந்தார், யாரோடு பேசினார் என்று நினைவிருக்கும்போதே எழுதித் தேதி போட்டு வக்கீலிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் சப்பென்று இருக்கும், தெரியும்.

*

கேள்வி: போனில் பேசியதை ரகசியமாகப் பதிவு செய்தால் செல்லுமா?

நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் ஒருவர் தனிப்பட்ட முறையில் பேசுவதை அவர் அனுமதியில்லாமல் பதிவதே குற்றம். இந்தியாவில் 1972இல், பேசிய இருவரில் ஒருவர் சம்மதத்தோடு பதிந்த உரையாடலை உச்ச நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. இங்கிலாந்தில் 1861லேயே ஒரு நீதிபதி, எப்படிக் கிடைத்தது என்பது பொருட்டல்ல, திருடிக்கொண்டு வந்தாலும் சாட்சியம் சாட்சியம்தான் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். அந்த வரியை மட்டும் படித்துவிட்டுச் சிலர் கிளம்பிவிடுகிறார்கள். சாட்சியம் உள்ளே போகும் என்றுதான் அவர் சொன்னார், திருடியவர் வெளியே போகலாம் என்று சொல்லவில்லை.

*

கேள்வி: கண்ணகி மதுரையையே எரித்தாள். அவளைத் தெய்வமாக்கினோம். ஒரு பூட்டை உடைத்ததற்கு நீங்கள் இவ்வளவு பேசுகிறீர்கள்!

நல்ல அடி. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். கண்ணகி அரசியின் அறைக்குள் புகுந்து சிலம்பைத் திருடிவரவில்லை. நேரே வாயிலுக்குப் போனாள், கணவனை இழந்தவள் வந்திருக்கிறேன் என்று சொல்லி உள்ளே வந்தாள், தன் பெயரையும் வழக்கையும் சபையில் சொன்னாள், என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள், அரசன் எங்கள் சிலம்பின் பரல் முத்து என்றான், சபை நடுவே உடைத்துக் காட்டினாள். பொருள் கைமாறவில்லை, இடம் மாறவில்லை, எதிராளியின் வாக்குமூலம் முதலிலேயே பதிவாகிவிட்டது. அதைவிடச் சுத்தமான நிரூபணம் நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஊரை எரித்தது வழக்கில் ஜெயித்த பிறகு. அதற்கு நான் ஆஜராகமாட்டேன்.

*

கேள்வி: சட்டத்தை மீறியே ஓர் அப்பாவியின் பெயரைக் காப்பாற்றியவர் சரித்திரத்தில் யாருமே இல்லையா? இருந்தால் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். (வங்கி ஊழியர்)

இருக்கிறார். எனக்குப் பிடித்தவரும்கூட. பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஜோலா.

பிரெஞ்சு ராணுவத்தில் ஆல்பிரட் டிரைஃபஸ் என்று ஒரு கேப்டன், யூதர். ஜெர்மனிக்கு ரகசியம் விற்றதாக 1894 டிசம்பரில் ராணுவ நீதிமன்றம் தண்டித்து, டெவில்ஸ் தீவு என்ற சிறைத்தீவுக்கு அனுப்பியது. 1896இல் பிக்கார் என்ற ராணுவ அதிகாரியே உண்மையான ஆள் எஸ்டர்ஹாசி என்ற இன்னோர் அதிகாரி என்று கண்டுபிடித்தார். மேலிடம் பிக்காரைத் துனிசியாவுக்கு மாற்றியது. எஸ்டர்ஹாசியை விசாரணை என்ற பெயரில் மூடிய கதவுக்குள் உட்காரவைத்து 1898 ஜனவரி 11 அன்று விடுவித்தது. ஆக, எல்லா வாசலும் சாத்தியாயிற்று. மேல்முறையீட்டுக்குப் புதிய ஆதாரம் வேண்டும், ஆதாரம் ராணுவத்தின் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டியைத் திறக்க யாருக்கும் அதிகாரமில்லை.

நம் கணக்கர் நண்பராக இருந்தால் சாவி தேடியிருப்பார். ஜோலா இரண்டு நாள் கழித்து, ஜனவரி 13 அன்று, ஒரு நாளிதழின் முதல் பக்கத்தில் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதமாகத் தளபதிகளையும் அதிகாரிகளையும் பெயர் பெயராகச் சொல்லிக் குற்றம் சாட்டினார். அது அவதூறு, தண்டனைக்குரிய குற்றம். அது அவருக்குத் தெரியும். 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டத்தின் 30, 31ஆம் பிரிவுகள் என்மேல் பாயும், தெரிந்தேதான் செய்கிறேன், நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், விசாரணை பட்டப்பகலில் நடக்கட்டும் என்ற பொருளில் அந்தக் கடிதத்திலேயே எழுதியும் வைத்தார். வழக்குப் போடச் சொல்லிப் பிரிவு எண்ணையும் எடுத்துக்கொடுத்த குற்றவாளியை வேறெங்கே பார்க்க!

இதில்தான் வக்கீல் மூளை இருக்கிறது. ராணுவ நீதிமன்றம் கதவை மூடிக்கொள்ளும். அவதூறு வழக்கு பொது நீதிமன்றத்தில், ஜூரி முன்னால் நடக்கும், சாட்சிகளைக் கூப்பிடலாம், பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்து எழுதலாம். அந்த விசாரணையில் ஒரு ஜெனரல் வாய் தவறி, டிரைஃபஸின் குற்றத்துக்கு மறுக்க முடியாத இன்னொரு காகிதம் இருப்பதாகச் சொல்லிவிட்டார். அதுவரை பெட்டிக்குள் இருந்த காகிதம் ஊர்வாயில் விழுந்தது. சில மாதம் கழித்து அமைச்சகத்திலேயே ஓர் அதிகாரி அதை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். கட்டம் போட்ட தாள், அதில் சில துண்டுகளின் கோடு ஒரு நிறம், மற்றவற்றின் கோடு வேறு நிறம். இரண்டு கடிதங்களை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய அதிகாரி ஹென்றி 1898 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டார், மறுநாள் சிறையறையில் சவரக்கத்தியோடு பிணமாகக் கிடந்தார்.

ஜோலாவுக்கு என்ன ஆனது? ஓராண்டுச் சிறை, 3,000 பிராங்க் அபராதம். சிறைக்குப் போகவில்லை, அந்த ஜூலையில் லண்டனுக்கு ஓடிவிட்டார். அவரும் ஓடினார்தான்! 1899இல் திரும்பி வந்தார். அதே ஆண்டு டிரைஃபஸை மறுபடி விசாரித்து மறுபடி குற்றவாளி என்றார்கள், வெட்கமில்லாமல். பிறகு ஜனாதிபதி மன்னிப்பு கொடுத்தார். மன்னிப்பை வாங்கினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று ஆதரவாளர்களே சண்டை போட்டார்கள். நான் நிரபராதி என்று தொடர்ந்து போராடுவேன் என்று சொல்லிவிட்டு டிரைஃபஸ் அதை வாங்கிக்கொண்டார். தீவில் கிடந்து நொந்த உடம்பு, யார் குறை சொல்ல முடியும்? 1906 ஜூலை 12 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அவர் பெயரைத் துடைத்தது. ஜோலா அதற்கு நான்கு வருஷம் முன்பே இறந்துவிட்டார்.

ஜோலா மீறியது கையெழுத்துப் போட்டு, முதல் பக்கத்தில். கணக்கர் மீறியது ராத்திரியில், துண்டைச் சுற்றிக்கொண்டு. ஒரே சொல்லால் இரண்டையும் கேட்காதீர்கள்.

*

கேள்வி: சட்டம், மனு, வாய்தா என்று காத்திருந்து தூக்கில் தொங்கியவர்களுக்கு உங்கள் பதில் என்ன? (கோபத்தில் எழுதியவர், மூன்று பக்கம்)

என்னிடம் பதில் இல்லை. இதை எழுதிவிட்டுத்தான் மேற்கொண்டு எழுத முடியும்.

லண்டனில் திமோதி எவன்ஸ் என்பவரின் மனைவியும் குழந்தையும் 1949இல் கொல்லப்பட்டார்கள். அவர் தானாகவே போலீசுக்குப் போனார். மாற்றி மாற்றி வாக்குமூலம் கொடுத்தார், ஒன்றில் தானே செய்ததாகவும். விசாரணையில் அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி அதே வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருந்த கிறிஸ்டி. 1950 மார்ச்சில் எவன்ஸைத் தூக்கிலிட்டார்கள். மூன்று வருஷம் கழித்துக் கிறிஸ்டியின் வீட்டிலிருந்து பெண்களின் சடலங்கள் வெளியே வந்தன. 1966இல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கினார்கள். யாருக்குப் போய்ச் சேர்ந்தது அது?

ஜப்பானில் ஹகமாடா, முன்னாள் குத்துச்சண்டை வீரர். ஒரு குடும்பத்தில் நால்வர் கொலை, 1966. விடாத விசாரணைக்குப் பிறகு ஒப்புதல் வாக்குமூலம். ஓராண்டுக்கும் மேல் கழித்து அவர் வேலை பார்த்த தொழிற்சாலைத் தொட்டியில் ரத்தக்கறைத் துணிகள் ‘கிடைத்தன’. 1968இல் மரண தண்டனை. 2014இல் சிறையை விட்டு வெளியே வந்தார், 2024 செப்டம்பரில் விடுதலைத் தீர்ப்பு. துணிகள் ஜோடிக்கப்பட்டவை என்று நீதிமன்றமே சொன்னது. இத்தனை வருஷமும் அவருக்காக வாசல் வாசலாக ஏறியவர் அக்கா ஹிடெகோ. தீர்ப்பன்று அந்த அம்மாவுக்கு 91 வயது. தம்பிக்கு வெகுநாள் முன்பே புத்தி பேதலித்துவிட்டது. நீங்கள் கோபப்படுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் ஓடினால் மட்டும் கிடைத்திருக்குமா என்பதுதான் என் சந்தேகம். அமெரிக்காவில் கிர்க் பிளட்ஸ்வர்த் என்பவர், ஒரு சிறுமியைக் கொன்றதாக 1985இல் மரண தண்டனை பெற்றவர். மரபணுவை வைத்து இங்கிலாந்தில் ஒரு கொலையைத் துப்புத் துலக்கியதைப் பற்றிச் சிறையில் ஒரு புத்தகத்தில் படித்தார். எனக்கும் அந்தச் சோதனையைச் செய்யுங்கள் என்று கேட்டார். 1993இல் வெளியே வந்தார், மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களில் மரபணுவால் நிரபராதி என்று நிரூபணமான முதல் அமெரிக்கர் அவர்தான். உண்மைக் குற்றவாளி யாரென்று 2003இல் தெரிந்தது. வேறொரு குற்றத்துக்காக அந்த ஆளும் அதே சிறையில் இருந்தவன்தான், இவருக்குக் கீழ்த் தளத்தில். பிளட்ஸ்வர்த் தப்பி ஓடி நாடு முழுக்கத் தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சும்மா யோசித்துப் பாருங்கள்.

*

கேள்வி: ஐயா, என்னைப் பற்றி ஒன்றும் எழுத முடியாது. நான் செய்யவில்லை. பயத்தில் வீட்டை விட்டு வந்துவிட்டேன். பதினாறு நாள் ஆகிறது. ‘மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை, நீ ஏன் ஓடினாய்’ என்று என் அப்பாவே கேட்கிறார். இனிமேல் போனால் யார் நம்புவார்கள்?

அந்தப் பழமொழியைச் சொன்னவர் கோர்ட்டுப் படி ஏறாதவராக இருக்க வேண்டும். என் அனுபவத்தில் மடியில் கனமுள்ளவன்தான் வழி தெரிந்து நடப்பான், அவனுக்குப் பழக்கம். கனமில்லாதவன்தான் நடுங்குவான். இதை நான் மட்டும் சொல்லவில்லை. முழு அப்பாவிகளும்கூடச் சில சமயம் பயத்தில் ஓடுவதுண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896லேயே சொல்லியிருக்கிறது. நிரபராதியும் தவறாகச் சந்தேகிக்கப்பட்டால் பதறிப்போய்க் கைதைத் தவிர்க்கப் பார்ப்பான், தற்காப்பு உணர்வு அப்படிப்பட்டது, தலைமறைவு மட்டுமே குற்றத்தை நிரூபித்துவிடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1971இல் ஒரு கொலை வழக்கில் சொன்னது. அப்பாவிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

இப்போது உங்களுக்கு. ஓடியதை மன்னிக்கிற அதே நீதிபதிகள், ஓடிக்கொண்டே இருப்பதை மன்னிக்கத் தயங்குகிறார்கள். சிறைக்குள் உயிருக்கு ஆபத்து, அதனால் தப்பினோம் என்று சிலர் வாதிட்டபோது, ஆபத்து நீங்கியதும் ஏன் வந்து சரணடையவில்லை என்றுதான் 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேட்டது. தலைமறைவாக இருப்பவரின் மேல்முறையீட்டைக் கேட்கவே மறுக்கலாம் என்று அதே நீதிமன்றம் 1970இல் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் ஜெயிக்கக்கூடிய வழக்காக இருந்தாலும், ஆள் இல்லையென்றால் கட்டைப் பிரிக்கவே மாட்டார்கள். ஜெர்மனி போன்ற ஒன்றிரண்டு நாடுகளில் தப்பிப்பதற்கென்று தனித் தண்டனை இல்லை, சுதந்திரத்துக்கு ஏங்குவது மனித இயல்பு என்று விட்டுவிடுகிறார்கள். அங்கும் தப்பும் வழியில் கதவை உடைத்தால் கதவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பதினாறு நாளில் வேறு பெயரில் அறை எடுத்தீர்களா, யாருடைய அடையாள அட்டையையாவது காட்டினீர்களா, யாரிடமாவது வண்டி வாங்கினீர்களா, எனக்குத் தெரியாது, எனக்கு எழுதவும் வேண்டாம். நேரே ஒரு வக்கீலிடம் போய் அதைத்தான் முதலில் சொல்லுங்கள். ‘நான் செய்யவில்லை’ என்பதை இரண்டாவதாகச் சொல்லுங்கள், அவசரமில்லை. அவர் ஜாமீன் மனுவைத் தயாராக வைத்துக்கொண்டு உங்களை நீதிமன்றத்தில் சரணடைய வைப்பார். தனியாகக் காவல் நிலையத்துக்குப் போகாதீர்கள். நீங்களே வந்ததாக இருக்க வேண்டும், பிடித்து வந்ததாக இருக்கக் கூடாது. வழக்குக் கட்டில் அந்த ஒரு வரிக்கு இருக்கிற கனம் உங்களுக்கு இப்போது தெரியாது.

உங்களை மறைத்துவைத்திருப்பவர் யாரோ, அவர்மேலும் வழக்கு வரும். நாளைக்கே கிளம்புங்கள்.

*

கேள்வி: இவ்வளவு உபதேசம் பண்ணுகிறீர்களே, நீங்கள் ஒரு கட்சிக்காரருக்காக எல்லை தாண்டியதே இல்லையா? (நெடுநாள் வாசகர்)

இதைக் கேட்பீர்கள் என்று தெரியும்.

வக்கீல்களுக்கு ஒரு கலை உண்டு, தலைகீழாக இருக்கும் எழுத்தைப் படிப்பது. மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தே நாற்பது வருஷம் போனால் தானாக வந்துவிடும். ஒரு பொய்க் கேஸ், பையனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஓர் அலுவலகத்தில் எதிர்த்தரப்புக் கோப்பு எனக்கு முன்னால் திறந்தபடி இருந்தது. குமாஸ்தா தண்ணீர் குடிக்க எழுந்து போனார். கோப்பைத் தொடவில்லை, சத்தியமாகத் தொடவில்லை. படித்தேன். சம்பவத்துக்கு மறுநாள் தேதியிட்ட ஒரு சாட்சியின் முதல் வாக்குமூலம். அதில் பையனின் பெயரே இல்லை. எங்களுக்குக் கொடுத்த நகல்களில் அந்தத் தாளும் இல்லை.

அந்தத் தாளை உருவிச் சட்டைக்குள் வைக்க எனக்குக் கை நீண்டது என்பதையும் எழுதிவிடுகிறேன். கணக்கரின் துண்டுப் பொட்டலம் நினைவுக்கு வந்தது, கையை மடக்கிக்கொண்டேன். மறுநாள், இன்ன சாட்சி இன்ன தேதியில் கொடுத்த முதல் வாக்குமூலத்தை வரவழைக்க வேண்டும் என்று மனு போட்டேன். அரசுத் தரப்பு, அப்படி ஒன்று இருப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு எப்படித் தெரியும் என்று எழுந்தது. நீதிபதி கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னைப் பார்த்தார்.

‘எப்படித் தெரியும் வக்கீல் சார்?’

‘அனுமானம்தான் யுவர் ஆனர்.’

‘தேதியோடவா?’

நான் பேசவில்லை. அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மனுவை அனுமதித்தார். தாள் வந்தது, பையன் விடுதலையாகிப் போனான். எனக்கு அந்த ‘அனுமானம்’ மட்டும் மிச்சம். அந்த நீதிபதி இன்று இல்லை, இருந்திருந்தால் இந்த இதழை அவருக்கு அனுப்பமாட்டேன்.